விசுவாசிகளின் வீட்டில் வளர்ந்த பிள்ளை

ஒருவன் பொருட்டு இன்னொருவன் விசுவாசிக்க முடியாது என்பது பிளைமத் சகோதரர்கள் என்று பெயர் பெற்ற கிறிஸ்தவ சபையாரின் ஆதாரக் கொள்கைகளுள் ஒன்று. 1820-களின் இறுதியில் டப்ளின் நகரத்து வீடுகளில் அப்பம் பிட்பதற்காகக் கூடிய சிலரிடமிருந்து தோன்றி, அடுத்த சில ஆண்டுகளில் பிளைமத் துறைமுகத்தில் வேரூன்றிய அச்சபையார், குருப்பட்டம் பெற்ற போதகர் என்ற தனி வகுப்பை ஏற்கவில்லை. வேதாகமத்தின் ஒவ்வொரு சொல்லும் தேவனால் அருளப்பட்டதென்றும், கர்த்தரின் இரண்டாம் வருகை எந்த நாளிலும் எந்த நாழிகையிலும் நிகழக்கூடுமென்றும் அவர்கள் நம்பினார்கள். அவர்களுள் ஒரு பெரும் பிரிவினர் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதையும் மறுத்தார்கள்; தன் பாவத்தைத் தானே உணர்ந்து, தன் வாயால் அறிக்கையிட்டு, தன் சம்மதத்தோடு நீரில் இறங்குகிறவனுக்கே அந்தச் சடங்கு பொருளுடையது என்பது அவர்கள் வாதம். மனிதனுடைய மனச்சாட்சிக்கு இதைவிடப் பெரிய மரியாதையை எந்தச் சமயமும் செய்துவிட முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆயினும், இத்தகைய கொள்கையுடையார் தம் வீட்டில் ஒரு பிள்ளை பிறந்து, பால்யம் கடந்து, யௌவனத்தின் வாசலில் நிற்கும்போது என்ன செய்கிறார்கள் என்பதைக் கொண்டே அக்கொள்கையின் மெய்யான மதிப்பை அளக்க வேண்டும்.

இச்சபை நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. அதன் தொடக்ககாலத் தலைவர்களுள் ஒருவரான அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ், எக்ஸிட்டர் நகரில் நல்ல வருமானமுள்ள பல் வைத்தியராயிருந்து, அதனைத் துறந்து பாக்தாத் சென்று, பின்னர் 1833-ல் இந்தியாவுக்கு வந்தவர். அவருடைய தொடர்பால் ஊக்கம் பெற்ற ஜான் அருளப்பன் என்ற தமிழர், கிறிஸ்தியான்பேட்டையில் இருந்துகொண்டு, வெளிநாட்டுச் சங்கங்களின் சம்பளத்தை எதிர்பாராத ஊழியத்தை நடத்திக் காட்டியதும், 1860-ல் திருநெல்வேலிச் சீமையில் பரவிய எழுப்புதலில் அவருக்கிருந்த பங்கும் தமிழ்க் கிறிஸ்தவர்கள் அறிந்த செய்திகள். எனினும் நான் இங்கே எடுத்துக்கொள்வது ஓர் ஆங்கிலக் குடும்பத்தின் கதை. ஏனெனில், கண்டிப்பான விசுவாச வீட்டில் ஒரு பிள்ளை வளர்வது எத்தகையது என்பதை அந்தக் குடும்பத்தில் பிறந்த எட்மண்ட் காஸ் எழுதியதைப் போல் அவ்வளவு நுட்பமாக எழுதியவர் மிகச் சிலரே. வங்கக் கவிஞர் தோரு தத்தின் கவிதைகளுக்கு 1882-ல் முன்னுரை எழுதி அவற்றை ஆங்கில உலகுக்கு அறிமுகம் செய்தவரும், இளம் கவிஞர் சரோஜினி நாயுடுவிடம் ஆங்கிலப் பறவைகளை விட்டு இந்தியாவைப் பாடும்படி சொன்னவரும் அவரே. 1907-ல், தம் ஐம்பத்தெட்டாம் வயதில், தந்தையும் மைந்தனும் என்ற பொருளுடைய தலைப்பில், முதற்கண் ஆசிரியர் பெயரின்றி, அவர் அந்த நூலை வெளியிட்டார்.

தந்தை பிலிப் ஹென்றி காஸ் சாமானியரல்லர். ஜமைக்காத் தீவின் பறவைகளையும் டெவன்ஷயர்க் கடற்கரையின் சிற்றுயிர்களையும் ஆராய்ந்து, கடல்வாழ் உயிர்களைக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் கலையை இங்கிலாந்தில் பரவச் செய்து, 1856-ல் ராயல் சொஸைட்டியின் அங்கத்தினரான விஞ்ஞானி அவர். தாய் எமிலி போஸ், வீதியில் கண்டவர்களிடமெல்லாம் இரட்சிப்பைப் பற்றிப் பேசத் தயங்காதவர். அவர் எழுதிய சமயக் கைப்பிரதிகள் பெருவாரியாகப் பரவின. 1849-ம் ஆண்டு செப்டம்பரில் மகன் பிறந்த அன்று, தந்தையின் நாட்குறிப்பு அந்தச் செய்தியையும் ஜமைக்காவிலிருந்து ஒரு பச்சைத் தகைவிலான் வந்து சேர்ந்த செய்தியையும் அடுத்தடுத்து ஒரே தோரணையில் பதிவு செய்கிறது. இதைக் காட்டி அவரை அன்பற்றவர் என்று நகைப்பாருண்டு. நான் அவர்களோடு சேரமாட்டேன். இரண்டு செய்திகளையும் வந்த வரிசையில், மிகைப்படுத்தாமல், உள்ளது உள்ளபடி எழுதிவைக்கும் அந்தச் சுபாவமே பின்னர் மகனுக்குக் கிடைத்த செல்வங்களுள் தலையாயது.

அச்செல்வம் எத்தகையதென்று முதலில் சொல்லிவிட வேண்டும். கண்டிப்பான சமய வீடுகளைப் பற்றி இக்காலத்தில் எழுதுவோர் பலரும் அங்கே இருள் ஒன்றையே காண்கிறார்கள், அது நியாயமன்று. வசதியுள்ள ஆங்கிலக் குடும்பங்களில் பிள்ளைகளைத் தாதிகளிடமும் தூரத்துப் பள்ளிகளிடமும் ஒப்படைப்பது சாதாரணமாயிருந்த காலத்தில், இந்தப் பிள்ளை பெற்றோரின் அருகிலேயே வளர்ந்தான். தாய் 1857-ல் மார்பகப் புற்றுநோயால் கொடிய வேதனைப்பட்டு மரித்தபோது, கடைசி மாதங்களில் அவருடைய படுக்கையருகில் இருந்து வாசித்துக் காட்டியது ஏழு வயதுச் சிறுவனே. பிறகு டெவன்ஷயரின் செயின்ட் மேரிசர்ச் கிராமத்தில், கடல் வற்றும் வேளைகளில் தந்தையும் மகனும் பாறைக் குட்டைகளில் முழங்காலளவு நீரில் நின்று தேடினார்கள். ஒன்பது வயதில் ஒரு புதிய கடற்சாமந்தி இனத்தைக் கண்டுபிடித்த பெருமையும் அவனுக்குக் கிட்டியது. எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபத்தை வசனம் வசனமாக, பெரியவனுக்கு விளக்குவதைப் போல் தந்தை அவனுக்கு விளக்கினார். அர்த்தம் பாதி விளங்காத அந்த வாசிப்பிலேதான் சொல்லின் ஓசையும் கம்பீரமும் முதன்முதலில் தன்னைப் பற்றிக்கொண்டன என்று மகனே ஒப்புகிறார். சபையிலோ, விஞ்ஞானியும் செருப்புத் தைப்பவரும் விவசாயக் கூலியும் தேவனுடைய பரிசுத்தவான்கள் என்ற ஒரே பெயரால் சமமாக அமர்ந்தார்கள். பிரபுக்களின் கண்ணசைவுக்கு ஊரெல்லாம் வளைந்த அந்த நாட்டில், அந்த நூற்றாண்டில், ஒரு சிறுவன் இத்தகைய சமத்துவத்தைப் பிரத்தியட்சமாகக் காண்பது எளிதன்று.

இவ்வளவும் உண்மை. ஆனால் இவற்றோடு கூட, அந்த வீட்டில் ஒரு கதவு முற்றிலும் அடைபட்டிருந்தது. கட்டுக்கதை பொய், பொய் பாவம், ஆகையால் கதைப்புத்தகம் எதுவும் உள்ளே வரலாகாது. தாய் எமிலி சிறுமியாயிருந்தபோது, தானே கதைகளைக் கற்பித்துத் தம்பிமாருக்குச் சொல்வதில் பேரானந்தம் கண்டவர். அது பொல்லாத செயல் என்று ஓர் ஆசிரியை கண்டித்த நாளிலிருந்து ஆயுள் முழுவதும் அந்த ஆசையோடு போராடி, அதனைத் தம் பெரும் சோதனையாகக் கருதி எழுதிவைத்திருக்கிறார். எழுத்தாளராகப் பிறந்த ஒரு பெண் தன் கற்பனையைப் பிசாசின் தூண்டுதல் என்று நம்பி நெரித்துக்கொண்டதைப் படிக்கும்போது என் மனம் கலங்குகிறது. அவர் தமக்கு விதித்துக்கொண்ட தண்டனையையே, தாம் பெற்ற பிள்ளைக்கு அன்பினால், பாதுகாப்பு என்று நினைத்து விதித்தார். பூதமும் தேவதையும் இளவரசனும் இல்லாத அந்தப் பால்யத்தில் பிள்ளை அறிந்த அதிசயங்கள் எல்லாம் மெய்யென்று அவன் நம்பியே தீரவேண்டியவை. விளையாட்டாக நம்பிப் பார்த்து, விளையாட்டாகவே விட்டுவிடக்கூடிய அதிசயம் ஒன்றுகூட அவனுக்கு வாய்க்கவில்லை. கதை கேட்கும் குழந்தை மெய்க்கும் புனைவுக்கும் நடுவேயுள்ள எல்லையை அபாயமின்றிக் கடந்து கடந்து பழகுகிறது. அப்பழக்கம் மறுக்கப்பட்ட குழந்தை, ஒரு சந்தேகம் எழுந்த மாத்திரத்தில் முழு உலகத்தையுமே சந்தேகிக்க வேண்டியதாகிறது.

அப்படியே நேர்ந்தது. ஆறாம் வயதில், தந்தை தவறாக ஒன்றைத் தாயிடம் சொல்லக் கேட்டதும், எல்லாம் அறிந்தவர் என்று தேவனுக்கு அடுத்தபடி எண்ணியிருந்த ஒருவர் தவறவும் கூடும் என்பது சிறுவனுக்கு இடிபோல் தெரிந்தது. தான் செய்த ஒரு சிறு சேதத்தைத் தந்தை வேலையாட்கள் மேல் ஏற்றியபோது, தனக்குள்ளே தன்னோடு பேசத்தக்க இரகசியத் துணைவன் ஒருவன் இருப்பதையும் கண்டுகொண்டான். விக்கிரகாராதனை செய்தால் தேவகோபம் உடனே வெளிப்படும் என்று கற்பிக்கப்பட்டவன், தனித்திருந்த ஒரு வேளையில் மர நாற்காலியொன்றை மேசைமேல் ஏற்றி, அதனை நோக்கி வேண்டுதல் செய்துவிட்டுக் காத்திருந்தான், ஒன்றும் நடக்கவில்லை. இதைக் குறும்பென்று தள்ளலாகாது. கடற்கரையில் தந்தை கற்பித்த முறை, சொல்லப்பட்டதைச் சோதித்துப் பார்த்து, கண்டதைக் குறித்துக்கொள்ளும் முறை, இங்கே தேவனைப் பற்றிய போதனைமேல் பிரயோகமாயிற்று. அந்த வீட்டின் சிறப்பும் குறையும் ஒரே ஊற்றிலிருந்து பாய்ந்தன என்று நான் கருதுவதற்கு இந்த நிகழ்ச்சியே முதற் சான்று.

தந்தையும் அதே முரண்பாட்டுக்குள் அகப்பட்டிருந்தார் என்பதை மறத்தலாகாது. பூமியின் தொன்மைக்குப் பாறைகள் காட்டிய சாட்சியையும் ஆதியாகமத்தின் ஆறு நாட்களையும் ஒன்றுபடுத்த வேண்டி, 1857-ல் அவர் எழுதிய நூல், வயதான உலகின் அடையாளங்களோடேயே தேவன் உலகத்தைப் புதிதாகப் படைத்தார் என்று வாதித்தது. விஞ்ஞானிகள் புறக்கணித்தார்கள், நண்பரும் பாதிரியாருமான சார்ல்ஸ் கிங்ஸ்லியே, தேவன் பாறைகளில் இத்தனை பெரிய பொய்யை எழுதிவைத்தார் என்று தம்மால் நம்ப முடியாதென்று எழுதினார். மனைவியை இழந்த ஆண்டிலேயே, அவர் மகனோடு டெவன்ஷயரில் குடியேறிய பின்னர், இந்த அடி வந்தது. அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸ் நாளில், பண்டிகையை விக்கிரக வழிபாட்டின் எச்சம் என்று கருதிய எசமானருக்குத் தெரியாமல் வேலைக்காரப் பெண்கள் சமைத்த பிளம் புட்டிங்கில் சிறுவன் சிறிது உண்டு, வயிறு வலித்து, விக்கிரகங்களுக்குப் படைத்ததைத் தின்றுவிட்டதாகத் தந்தையிடம் அழுதான். அவர் அடுக்களைக்குப் பாய்ந்து, மிஞ்சியதை எடுத்துச் சென்று சாம்பற் குவியலில் எறிந்தார். பிள்ளையின் வயிற்றுவலியையும் பிள்ளையின் பாவத்தையும் பிரித்தறியாத நிலை அது.

1859-ம் ஆண்டு அக்டோபரில், பத்து வயது நிறைந்த மறு மாதமே, எட்மண்டுக்கு ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டது. முன்னதாகச் சபையின் மூப்பர் இருவர் அவனைத் தனித்தனியே பரீட்சித்து, அவன் விடைகளைக் கேட்டு வியந்து, வயதுவந்த விசுவாசியாகவே ஏற்கலாம் என்று சாட்சி கூறினார்கள். இங்கேதான் என் விமரிசனத்தின் மையம் இருக்கிறது. சிசுவுக்குச் சம்மதம் இல்லை, ஆகையால் ஞானஸ்நானம் இல்லை என்று சொன்னவர்கள், வாய்பேசப் பழகிய நாள்முதல் ஒரே பாடத்தைக் கேட்டு, வேறெந்த வீட்டையும் வேறெந்த வேதத்தையும் அறியாத ஒருவன் திருப்பிச் சொன்னதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். கிளிப்பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்ததைக் கிளி சொன்னபோது, அது தன் கருத்தைச் சொல்லியது என்று கொள்வது எப்படிப் பொருந்தும்? சிசு ஞானஸ்நானம் கொடுக்கும் சபைகளிலாவது, பெற்றோர் பிள்ளைக்காகப் பேசினார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும். பிள்ளை பின்னர் வளர்ந்து மறுத்தால் அவன் தன் வாக்கை முறித்தவன் ஆவதில்லை. இங்கேயோ பத்து வயதில் சொன்ன சொல் அவன் சொந்தச் சொல்லாகவே கணக்கில் ஏறிவிட்டது. பதினாறில் எழும் ஐயம் வளர்ச்சியாகக் கருதப்படாமல் துரோகமாகவே கருதப்படும். உடனடி விளைவு ஆன்மிகச் செருக்கு: அப்பம் பிட்கும் உரிமை தனக்குண்டு, அவர்களுக்கில்லை என்பதைக் கூட்டத்திலிருந்த மற்றச் சிறுவர்களுக்கு நாக்கை நீட்டிக் காட்டி உணர்த்தியதாக அவரே எழுதுகிறார்.

இரண்டாம் வருகையின் எதிர்பார்ப்பு வளரும் பிள்ளையை எப்படிப் பாதிக்கும் என்பதைப் பற்றி வேதசாஸ்திரிகள் அதிகம் சிந்தித்ததாகத் தெரியவில்லை. துன்பப்படும் முதியவருக்கு அது மகத்தான ஆறுதல். அடிமைப்பட்ட ஜனங்களுக்கு அது நம்பிக்கை. ஆனால் பதினான்கு வயதுடையவனுக்கு வாழ்க்கை என்பதே எதிர்காலம். நான் என்னவாகப் போகிறேன், எங்கே போவேன், யாரை நேசிப்பேன் என்று அவன் மனம் ஓயாமல் சித்திரம் தீட்டும் பருவத்தில், அந்த எதிர்காலம் ஒருவேளை வராமலே போகலாம், இன்றிரவே எக்காளம் தொனிக்கலாம் என்று அன்போடு நினைவூட்டிக்கொண்டே இருப்பது, அவன் தன் வயதுக்குரிய வேலையைச் செய்யவொட்டாமல் தடுப்பதாகும். பின்னர் விடுதிப் பள்ளியில் படித்த காலத்தில் ஒரு கோடைக்கால மாலையில், ஜன்னலருகில் தனித்திருந்த எட்மண்ட், கர்த்தர் இப்போதே வரவேண்டும், உலகம் தன்னைக் கெடுக்குமுன் தன்னை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று உள்ளம் உருகி மன்றாடினான். வானம் நிறம் மாறியது, தேநீருக்கு மணி அடித்தது, வேறொன்றும் நிகழவில்லை. அன்றுமுதல் தனக்கும் தந்தைக்கும் நடுவே பிளவு விழுந்ததாக அவர் குறிக்கிறார். விசுவாசத்தில் குறைவுபட்டவனுக்கு இந்த ஏமாற்றம் நேராது என்பதைக் கவனிக்க வேண்டும். முழுமனதோடு நம்பியவனே முழுமனதோடு எதிர்பார்த்தான்.

இதற்கிடையில் அடைத்த கதவு சிறிது திறந்திருந்தது. 1860-ன் இறுதியில் தந்தை மறுமணம் செய்துகொண்ட எலிசா பிரைட்வென் குவேக்கர் மரபில் வளர்ந்தவர். சித்திரமும் கவிதையும் அவரோடு வீட்டுக்குள் வந்தன. தந்தை உரத்த குரலில் வால்டர் ஸ்காட்டின் கவிதைகளை வாசித்தார், ஆனால் அதே ஸ்காட்டின் நாவல்களுக்கு அனுமதி மறுத்தார், டிக்கன்ஸின் நாவல்களை அனுமதித்தார், ஜமைக்காவின் காட்சிகள் இருந்தன என்பதற்காக ஒரு கடற்கதையைத் தாமே எடுத்துக் கொடுத்தார். நாடகாசிரியராயிருந்து பின்னர்ப் பிரசங்கியான முதியவர் ஜேம்ஸ் ஷெரிடன் நோல்ஸ், சிறுவனை ஷேக்ஸ்பியர் படிக்கும்படி தூண்டினார். தாம் ஷேக்ஸ்பியரை ஒரு பக்கமும் படித்ததில்லை என்பதைத் தந்தை நன்மையாகக் கருதினார். இந்த அனுமதிகளிலும் மறுப்புகளிலும் ஓர் ஒழுங்கைக் காண முயல்வது வீண். தந்தையின் ரசனை அவருடைய கொள்கையைவிட விசாலமானது. ஜமைக்கா என்ற பெயரைக் கேட்டதும் அவருக்குள்ளிருந்த பழைய இளைஞன் விழித்துக்கொண்டான். கண்டிப்பான வீடுகள் பலவற்றைப் பிள்ளைகள் தாங்கிக்கொள்வது இத்தகைய முரண்பாடுகளின் தயவாலேயே என்பது என் எண்ணம். பதினாறு வயதில் எட்மண்டின் உள்ளத்தில் கிறிஸ்துவும் கிரேக்கரின் வனதெய்வமான பானும் சேர்ந்தே வாசம் செய்தார்கள். யாரையும் துரத்த அவன் விரும்பவில்லை. அந்தச் சேர்க்கை நிலைக்குமோ நிலைக்காதோ, அதைச் சோதித்துப் பார்க்கக் காலம் கொடுத்திருக்க வேண்டும்.

காலம் கொடுக்கப்படவில்லை. 1867-ல், பதினேழு வயதில், கிங்ஸ்லியின் பரிந்துரையால் பிரிட்டிஷ் மியூசியத்தில் சிறு உத்தியோகம் பெற்று லண்டனுக்கு வந்த மகனுக்குத் தந்தையின் கடிதங்கள் ஏறக்குறைய அன்றாடம் வந்தன. ஜெபத்தில் வேண்டிய ஊக்கம் உண்டா, வேதவாசிப்பு தவறாமல் நடக்கிறதா, யாருக்கேனும் சாட்சி பகர்ந்தாயா, சிந்தனையில் கறை உண்டா என்று கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் விடை எதிர்பார்க்கப்பட்டது. தனியே இருக்கும் இளைஞனுக்கு வீட்டிலிருந்து வரும் கடிதம் உணவுக்கு நிகரானது என்பதை அறியாதவர் இல்லை. அந்த உறையைப் பிரிக்க அஞ்சி அதை மேசைமேல் வைத்துவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும் நிலைக்கு ஒருவன் வரும்போது, அன்பின் உருவமே திரிந்துவிடுகிறது. மகன் என்ன செய்வான்? மெய்யைச் சொன்னால் தந்தையின் நெஞ்சு பிளக்கும்; பொய் சொன்னால், பொய்யே மகாபாவம் என்று கற்பித்தவரிடத்திலேயே பொய் சொல்ல நேரும். இந்த முறையின்மேல் நான் சாட்டும் பெருங்குற்றம் இதுதான். கட்டுப்பாட்டைப் பிள்ளைகள் பொறுப்பார்கள். வறுமையையும் கடும் உழைப்பையும் பொறுத்துப் பின்னாளில் நன்றியோடு நினைப்பவர்களும் உண்டு. உள்ளத்தின் ஒரு மூலையையாவது தனக்கென்று வைத்துக்கொள்ளும் உரிமை பறிக்கப்பட்டால், சத்தியத்தைப் போற்றி வளர்த்த பிள்ளையே அன்பைக் காக்கும் பொருட்டு வேஷம் போட வேண்டியவனாகிறான்.

இவ்வளவையும் மகனுடைய வாக்குமூலத்தைக் கொண்டே சொல்லியிருக்கிறேன். அந்தச் சாட்சியையும் எடைபோட வேண்டும். எட்மண்ட் காஸ் நேர்த்தியான நடையுடையவர், ஆயினும் விவரங்களில் எப்போதும் நம்பத்தக்கவரல்லர். அவருடைய இலக்கிய விரிவுரை நூலில் மலிந்திருந்த பிழைகளை 1886-ல் சர்ட்டன் காலின்ஸ் என்ற திறனாய்வாளர் கடுமையாக அம்பலப்படுத்தினார். 1890-ல் தாமே எழுதிய தந்தையின் சரித்திரத்தில் காணும் மனிதருக்கும் 1907-ல் காணும் மனிதருக்கும் நிறம் வேறு. தந்தையின் வாழ்க்கையை ஆராய்ந்து 2002-ல் நூல் வெளியிட்ட ஆன் த்வைட், மகன் காட்டியதைவிட இளகிய, மகிழ்ச்சியுள்ள ஒருவரைக் காட்டுகிறார். இதனால் மகனின் குற்றச்சாட்டு தள்ளுபடியாகிவிடும் என்று நான் நினைக்கவில்லை. தந்தை சிரித்துப் பேசுபவராயிருந்தது மெய்யானால், பிள்ளையின் நெருக்கடி கூடுமேயன்றிக் குறையாது. கொடுமைக்காரரை விட்டு ஓடுவது எளிது, நல்லவரை மறுப்பதே கடினம்.

முறிவு நேர்ந்தது தந்தை ஆர்க்கிட் மலர்கள் வளர்த்த கண்ணாடி மனையில். அங்கே எழுந்த கேள்விகளுக்கு மகன் பொறுமையிழந்து மறுமொழி சொல்லி, லண்டனுக்குத் திரும்பியபின், தந்தையின் நீண்ட கடிதம் வந்தது. நூலின் முடிவில் மகன் அந்தக் கடிதத்தையே வைத்து, அதற்குப் பின் தம் பக்கத்து நியாயத்தைச் சில வரிகளில் நிறுத்திக்கொள்கிறார். ஏறத்தாழக் கடைசிச் சொல்லைத் தந்தைக்கே விட்டுக்கொடுத்த அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். தந்தையின் வேதனை அதில் சற்றும் போலியில்லாதது. வேதம் அசைந்தால் தமக்கும் மகனுக்கும் நிற்க ஒரே தரை இல்லை என்று அவர் உண்மையாகவே நம்பினார். 1888-ல் இறக்கும்வரை, தாம் மரணத்தைக் காணாமலே கர்த்தரைச் சந்திப்போம் என்று எதிர்பார்த்திருந்தவர் அவர்.

அவரிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று அந்தக் கடைசிப் பக்கங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவதுண்டு. அவர் பிளைமத் சகோதரராகப் பிறந்தவரல்லர். இளைஞராய் நியூபவுண்ட்லாந்தில் கார்போனியர் என்ற துறைமுக ஊரில், வீட்டுக்கும் பெற்றோருக்கும் கடல் கடந்த தொலைவில், ஒரு வணிக நிறுவனத்தின் கணக்கராயிருந்தபோது, 1832-ல், யாரும் பரீட்சை வைக்காமல், யாரும் கடிதமெழுதி விசாரிக்காமல், தாமே உணர்ந்து மெதடிஸ்டுகளோடு சேர்ந்தார். பிறகு நாற்பதை நெருங்கும் வயதிலேதான் ஹாக்னியில் கூடிய சகோதரர்களிடம் போய்ச் சேர்ந்தார். தேடவும், சேரவும், விட்டு விலகி வேறிடம் சேரவும் அவருக்கு இடம் இருந்தது. அந்த இடம் ஒன்றைத் தவிர, தம்மிடமிருந்த யாவற்றையும், நேரத்தையும் அறிவையும் கண்ணீரையும்கூட, மகனுக்கு அவர் கொடுத்தார். கண்ணாடி மனையில் மறுமொழி சொன்னபோது மகனுக்கு வயது இருபத்தொன்று. கார்போனியரில் தம் வழியைத் தெரிந்துகொண்டபோது தந்தைக்கு இருபத்திரண்டு.